கம்ப்யூட்டரில் சத்தம் வரலையா? கடை, யுஎஸ்பி கார்டு, புளூடூத்: எது தேறும்?

கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுவிட்டால் எங்கள் தர்மபுரிப் பக்கம் சிபியுவை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடுவார்கள். பென்னாகரம், பாலக்கோடு ஆட்களுக்கு அரை நாள் அதிலேயே போய்விடும். கடையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "விண்டோஸ் மாத்திப் போட்டுடலாம்ண்ணா."

கிளம்பும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் பின்னைச் செல்போனில் செருகினால் பாட்டு வருகிறதா? வந்தால் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கிறது. அடுத்து, திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில், சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் புது மானிட்டர் மாட்டிய வீடுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. விண்டோஸ் மட்டும் சத்தத்தை அதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பட்டியலில் 'ரியல்டெக்' என்று இருப்பதை (பெரும்பாலும் கம்ப்யூட்டரின் சொந்த ஒலிக் கருவி இதுதான்) தேர்ந்தெடுத்தால் முடிந்தது கதை. முன்பக்கத் துளையில் வராவிட்டால் பின்பக்கப் பச்சைத் துளையிலும் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் ஒயரை உள்ளே மாட்டாமலே விட்ட சிபியுக்கள் நிறைய.

அதிலும் வரவில்லையா? சரி, இனிதான் ஒப்பீடு.

விண்டோஸ் மாற்றுவது டிரைவர் (ஒலிக் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறைத் தீர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த கல்யாணப் போட்டோவெல்லாம் சி டிரைவில்தான் இருக்கும். எடுத்து வைக்காமல் ஃபார்மட் அடித்தால் போனது போனதுதான். டிரைவர்தான் காரணம் என்றால், டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தாலே பெரும்பாலும் விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் மதர்போர்டில் (சிபியுவுக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) கோளாறு இல்லை.

போர்டில் உள்ள ஒலிப் பகுதியே போய்விட்டது என்று தெரிந்தால் என் ஓட்டு யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்குத்தான். கட்டைவிரல் அளவு, மைக்குக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை. சாதாரண ரகம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், தனி டிரைவரும் பெரும்பாலும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விண்டோஸுக்குள் சத்தத்தைக் கவனித்துக்கொள்ளும் 'விண்டோஸ் ஆடியோ' சர்வீஸ் நின்றுபோயிருந்தால் இதுவும் ஊமைதான். சர்வீசஸ் பட்டியலில் அதை ஸ்டார்ட் கொடுத்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

புளூடூத் ஸ்பீக்கர் பாட்டுக்குப் பரவாயில்லை. பழைய டெஸ்க்டாப்பில் புளூடூத்தே இருக்காது, அதற்குத் தனி டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி) வாங்க வேண்டும். ஹெட்செட் வாங்கி அதன் மைக்கில் பேசினால் பல மாடல்களில் எதிர்முனைக் குரல் பழைய டெலிபோன் மாதிரி கரகரக்கும். ஆன்லைன் கிளாஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

உள்ளே மாட்டும் சவுண்ட் கார்டு, 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த செட்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அர்த்தமுள்ள செலவு. அதற்காகக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு வரை போகிறவர்களும் உண்டு. ரெண்டு ஸ்பீக்கர் வீட்டுக்கு அந்த பஸ் செலவு தண்டம்.

லேப்டாப்பில் உள் ஸ்பீக்கரே கிழிந்துபோயிருந்தால் கடைதான் வழி. கொடுக்கும்போது ஸ்பீக்கரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், விண்டோஸில் கை வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.