புது சூப்பர்வைசருக்கு எந்தப் பயிற்சி? பல வருடம் அனுப்பிப் பார்த்ததில் தெரிந்தது

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆபரேட்டராக இருந்து சூப்பர்வைசராக ஏறுகிறவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதும் என் தலையில்தான். ஓட்டலில் நடக்கும் இரண்டு நாள் நிகழ்ச்சி, ஆன்லைன் கோர்ஸ், தொழிற்சாலை சூப்பர்வைசர்களுக்கென்றே உள்ள 'ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' எனப்படும் டி.டபிள்யூ.ஐ. என மூன்று வகைக்கும் ஆள் அனுப்பியாகிவிட்டது. இன்று ஒன்றுக்குத்தான் பணம் என்றால் டி.டபிள்யூ.ஐ.க்குத்தான் கொடுப்பேன்.

ஓட்டல் நிகழ்ச்சியில் பேசுகிறவர் நன்றாகவே பேசுவார். பலூன் விளையாட்டு, கைதட்டல், மதியம் பிரியாணி. ஃபீட்பேக் ஃபார்மில் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை ஷிஃப்டில் அதே கத்தல், அதே மறுவேலை. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. நம் ஃபார்ம் முதல் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. ஆன்லைன் கோர்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எக்செல் கற்க நல்லது. ஆளை வைத்து வேலை வாங்க அது போதாது.

டி.டபிள்யூ.ஐ. பழைய சரக்கு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அனுபவசாலிகள் ராணுவத்துக்குப் போக, தொழிற்சாலைகளில் புதிய ஆட்களை வேகமாகப் பழக்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், 1950-களில் டொயோட்டாவுக்குள்ளும் நுழைந்தது. வேலை கற்றுக்கொடுப்பது, ஆட்களோடு உறவு, வேலைமுறையைச் சீராக்குவது என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றும் பத்து மணி நேரம். தினம் இரண்டு மணி நேரமாக ஐந்து வகுப்பு. ஒரு குழுவில் சுமார் பத்துப் பேர். லைனை நிறுத்தாமல் அனுப்ப முடிகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

முதல் வகுப்பில் பயிற்சியாளர் ஒரு மின்வயரை எடுத்து அதில் போடும் முடிச்சை வாயால் மட்டும் விளக்குவார். யாருக்கும் போட வராது. அடுத்து, பேசாமல் போட்டு மட்டும் காட்டுவார். அப்போதும் வராது. அதன் பிறகுதான் ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டிச் சொல், செய்யவிட்டுப் பார், பின்தொடர் என்ற நான்கு படிகள் வரும். மறுநாளிலிருந்து ஒவ்வொருவரும் தன் லைனிலிருந்தே ஒரு வேலையைக் கொண்டுவந்து வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் பையன் ஒருவன், பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாட்டும் வேலையை எடுத்துப்போனான். தாளில் அருகருகே மூன்று பத்தி: என்ன செய்வது, எதில் கவனம், ஏன். 'சீலை எடு' என்பதற்கு எதிரே 'ஓரத்தைப் பிடி, ஃபேஸை (வழவழப்பான முகப்பை) தொடாதே' என்றும், அதற்கு எதிரே 'விரல் பிசுக்கும் தூசியும் பட்டால் கசியும்' என்றும் எழுதியிருந்தான். அந்த 'ஏன்' பத்தி அதுவரை எங்கள் வேலைக் குறிப்புகளில் கிடையாது. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பையன்களுக்கும் அதே தாளை வைத்து, செய்து காட்டித்தான் பழக்குகிறோம். தமிழ் தெரியாததால் வந்த குழப்பம் பாதியாவது குறைந்திருக்கிறது.

உறவுப் பிரிவுதான் புதியவர்களுக்கு உடனே கைகொடுக்கிறது. நேற்றுவரை மச்சான் என்று கூப்பிட்டவனை இன்று வேலை ஏவ வேண்டும். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தாமதமாக வரும் ஒரு சீனியரைப் பற்றிப் புகார் எழுதப்போன சூப்பர்வைசர், வகுப்பில் அதையே சொன்னார். "முழு விவரமும் தெரியுமாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது. திரும்பி வந்து, "அண்ணா, என்னாச்சுங்க கொஞ்ச நாளா?" என்று கேட்டபோது, வீட்டில் அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று தெரிந்தது. ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தோம். மெமோ தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. கையேட்டில் உள்ள உதாரணங்கள் அந்தக்கால அமெரிக்கத் தொழிற்சாலைகள். வரிக்கு வரி அதையே படிக்கும் பயிற்சியாளர் கிடைத்தால் தூக்கம்தான். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, டார்கெட் மீட்டிங்கை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைவிட முக்கியம், திரும்பி வந்தவரை யாராவது கவனிக்க வேண்டும். மேனேஜர் கண்டுகொள்ளாத லைன்களில் மூன்றே மாதத்தில், வகுப்பில் கொடுத்த படிகள் எழுதிய அட்டை டிராயருக்குள் போய்விட்டது.

பயிற்சி விற்க வருகிறவரிடம் இப்போது நான் கேட்பது: எங்கள் ஆள் தன் சொந்த வேலையை வகுப்பில் செய்து காட்டுவாரா, வகுப்புகளுக்கு நடுவே லைனில் முயன்று பார்க்க இடைவெளி உண்டா, மூன்று மாதம் கழித்து நீங்கள் எங்கள் தளத்துக்கு வருவீர்களா. மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சின்னப் பட்டறை, அவ்வளவு செலவு முடியாது என்றால், டி.டபிள்யூ.ஐ.யின் பழைய கையேடுகள் அமெரிக்க அரசு வெளியிட்டவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலை கற்றுக்கொடுக்கும் பிரிவை மட்டும் முதலில் எடுத்து, உதாரணங்களை உங்கள் பட்டறை வேலைக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பிக்கலாம்.