பேலியோவா, அளவுச் சோறா?

சுகர் பார்டரைத் தாண்டியதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. மச்சான் பேலியோவுக்குப் போனார், அதாவது அரிசி, கோதுமையை விட்டுவிட்டு முட்டை, இறைச்சி, பாதாம், பனீர் என்று கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறைக்கு. நான் சோற்றை விடாமல் அளவைக் குறைத்தேன். இப்போதும் என் ஓட்டு அளவுச் சோற்றுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேலியோவில் எடை மளமளவென்று இறங்கும். ஆரம்பத்தில் இறங்குவதில் பாதிக்கு மேல் நீர்தான் என்பார்கள். செலவு அதிகம். காலையில் நூறு பாதாம் என்றால் மாதக் கணக்கு எங்கே போகும்! சைவக்காரர்களுக்குப் பனீரை விட்டால் பெரிதாக வழியில்லை.

எது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் ஓராண்டு இரண்டு அணியாகச் சாப்பிட்டார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். கிட்டத்தட்ட சமம். ஆனால் இரண்டு அணியிலுமே ஏகமாய் இளைத்தவரும் உண்டு, எடை கூடியவரும் உண்டு. மரபணுவையும் இன்சுலின் சுரப்பையும் பார்த்து யாருக்கு எது சரிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அது நம்ம ஊர்ச் சோற்றை வைத்துச் செய்ததல்ல, இருந்தாலும் விஷயம் புரிகிறது.

வீட்டுக் குளுக்கோமீட்டரும் அதையேதான் சொல்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால், சப்பாத்தியும் குருமாவும் எனக்கு 180ஐத் தொடும். ஒரு கப் சோறு, கீரைக்கூட்டு, அவித்த முட்டை என்றால் 150க்குள் நிற்கும். என் மனைவிக்கு அப்படியே தலைகீழ். சுகருக்குச் சப்பாத்திதான் என்று ஊரே சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது மீட்டர்கூட இல்லை, நிறுத்தத் தெரிகிறதா என்பதுதான். நான் முதலில் பொரியலையும் கூட்டையும் காலி செய்துவிட்டுத்தான் சோற்றைத் தொடுவேன். ஒரு கரண்டி சாம்பாருக்கு, அரைக் கரண்டி மோருக்கு, அவ்வளவுதான். அதிலேயே மனம் அடங்கிவிடும். சோறே கூடாது என்று வைத்தால் ராத்திரி பிஸ்கட் டப்பாவைத் தேடுவேன். மச்சான் வேறு ரகம். ஒரு கரண்டி உள்ளே போனால் அவருக்குச் சட்டி காலியாக வேண்டும். சுத்தமாக இல்லை என்றால்தான் அவருக்கு நிம்மதி. கல்யாணப் பந்தியில் பொரியல் மட்டும் சாப்பிட்டு எழுந்து வருகிற வைராக்கியம் அவருக்கு உண்டு. ஆனால் ஏதோ ஒரு பந்தியில் ஒரு கப் பாயசம் உள்ளே போய்விட்டால் பிறகு ஒரு வாரம் இட்லி, பூரி, பரோட்டாதான். எனக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. பாயசம் குடித்த ராத்திரி சோற்றைக் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டிய வண்டிக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கொழுப்பு விஷயத்தில் என்னால் அடித்துப் பேச முடியாது. பேலியோவில் மச்சானுக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ஏறியது, அவரோடு தொடங்கிய நண்பருக்கு அசையவே இல்லை. பத்து வருஷம் பேலியோவில் இருந்த ஆளை நான் பக்கத்திலிருந்து பார்த்ததும் இல்லை.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட்டு அப்புறம் தட்டில் கை வையுங்கள்.