வரன் ஒரு கை, விசா இன்னொரு கை: 4,83,000 ரூபாய் போன கதை

முதலில் அவசரக்காரர்களுக்கு. மறுமணத்துக்காக இணையத்தில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். ஒருவர் பேசுகிறார். "நான் பிரிட்டன்ல இருக்கேன், நீங்களும் இங்கயே வந்துருங்க, தெரிஞ்ச கன்சல்டன்சி ஒண்ணு கோயமுத்தூர்ல இருக்கு" என்கிறார். அந்தக் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இதை மூடிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் ஊத்துக்குளிக்காரி. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர். சாம்பிளில் காலர் அளவு கொஞ்சம் கூடியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள். லேப் டிப்பில், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணியில், நிறம் ஒரு பொட்டு தள்ளியிருந்தால் சாயப்பட்டறைக்காரரோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறவள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இத்தனை நோண்டிப் பார்க்கிற ஆளுக்கே இது நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மணமுறிவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நான்கு வருடம் வாழ்ந்தேன், 2022இல் பரஸ்பர சம்மதத்தில் முடிந்தது. கோர்ட்டில் பெரிதாக வலிக்கவில்லை. அடுத்த தை மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் சீர்த்தட்டு எடுக்கப் போனேன். "நீ இரு கண்ணு, அவங்க எடுக்கட்டும்" என்று அத்தை ஒருவர் என் கையிலிருந்து தட்டை மெல்ல வாங்கிக்கொண்டார். கோபமாக வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் இந்த ஊரை விட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று தோன்றியது. ஒறம்பரை யாரும் இல்லாத, என் கதை தெரியாத ஏதாவது ஒரு ஊர்.

2024 நவம்பரில் ஒரு திருமணத் தளத்தில் மறுமணம் பிரிவில் பதிந்தேன். "வெளிநாட்டில் வாழ விருப்பம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இப்போது யோசித்தால், தூண்டிலில் நானே புழுவைக் கோத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

டிசம்பரில் அவர் வந்தார். சொந்த ஊர் சென்னிமலை, அப்பா தறிக்காரர், பெட்ஷீட் நெய்கிறவர், தனக்கு முப்பத்தெட்டு வயது, மனைவி விட்டுப் போய்விட்டார், லீட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சூப்பர்வைசர் வேலை என்றார். மோசடிக்காரன் என்றால் எங்கோ வடக்கே உட்கார்ந்துகொண்டு அரைகுறைத் தமிழில் பேசுவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர் "ஏனுங்க அம்மிணி, சாப்ட்டாச்சுங்களா?" என்று ஆரம்பித்தார். மலைக்கு 1,320 படி, சின்ன வயதில் தைப்பூசத்துக்கு எண்ணிக்கொண்டே ஏறியதாகச் சொன்னார். மழை பெய்தால் அரிசிம்பருப்பு சாதம் ஞாபகம் வருகிறது, இங்கே நல்ல நெய் கிடைப்பதில்லை, உங்கள் ஊர் வெண்ணெய்க்கு ஈடு உண்டா என்றார். ஊத்துக்குளிக்காரியிடம் வெண்ணெயைப் பற்றிப் பேசினால் மயங்காமல் எப்படி இருப்பாள்!

வீடியோவிலும் வந்தார். எப்போதும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்தான். மங்கின வெளிச்சம், பின்னால் வெள்ளைச் சுவர். டியூட்டியில் போன் கூடாது என்பார். சரிதானே என்று விட்டுவிட்டேன்.

என் அப்பா அவரிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "குலதெய்வம் எதுங்க தம்பி?" என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு விநாடி சத்தமில்லை. அப்புறம் "அப்பா போனதுக்கப்புறம் அந்தப் போக்குவரத்தெல்லாம் விட்டுப்போச்சுங்க" என்று பதில் வந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போகாதவன் இருப்பான், பேரே தெரியாதவன் இருப்பானா?" என்றார். அந்தக் காலத்து மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அம்மன் கோயிலில் பூக்கேட்டு வந்தாள். வெள்ளைப்பூ வந்ததாம். அது போதுமாக இருந்தது அவளுக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

இனி முக்கியமான இடம். அவர் என்னிடம் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை. ஜனவரியில் சொன்னது இதுதான்: "கல்யாணத்த சென்னிமலையிலயே வெச்சுக்கலாம். ஆனா என்ற விசாவ நம்பி நீங்க வரவேண்டாமுங்க. உங்க பேர்ல தனியா வேலை விசா எடுத்துட்டு வாங்க. நாளைக்கு எனக்கே கோபம் வந்தாலும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது." ஒருமுறை பெட்டியோடு வாசலில் நின்றவளிடம் இப்படி ஒருவர் சொன்னால் அவள் என்ன ஆவாள்? அன்று இரவு பொடக்காலியில் உட்கார்ந்து அழுதேன். என் பக்கத்து நியாயத்தை ஒருவர் எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறாரே என்று.

அவர் சொன்ன கன்சல்டன்சி கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில், மாடியில் ஒரு அலுவலகம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் லண்டன் பாலம் படம், வரவேற்பில் நன்றாகப் பேசுகிற ஒரு பெண். கேர் வொர்க்கர் வேலை, அதாவது முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றார்கள். ஜனவரி 20இல் பதிவுக்கு 30,000. பிப்ரவரியில் "ஸ்பான்சர் சர்டிபிகேட்" என்று, அதாவது அங்கே வேலை தருகிற நிறுவனம் என்னை எடுத்துக்கொள்கிறது என்பதற்கான சான்று என்று, 2,75,000. மார்ச் தொடக்கத்தில் "ஹெல்த் சர்சார்ஜ்" என்று, அதாவது அங்கத்திய அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் என்று, 1,40,000. ஏப்ரல் 12இல் விரல்ரேகை ஸ்லாட்டுக்கு 38,000. விவாகரத்தில் திரும்பி வந்த நகையில் ஒன்பது பவுனை அடகு வைத்துத்தான் பெரிய தொகையைக் கட்டினேன். பணம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தனிநபர் கணக்குக்குப் போனது. கேட்டால் "கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சுதுங்க மேடம்" என்பார்கள். என் கம்பெனிக்கு ஒரு பட்டன் சப்ளையர் இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாளே ஆளை மாற்றியிருப்பேன்.

கிழிசல் தெரிந்தது ஏப்ரல் கடைசியில். மூன்று லட்சத்தைத் தங்கள் கணக்கில் போட்டு இருப்புக் காட்ட வேண்டும், இருபத்தெட்டு நாளில் திருப்பித் தருகிறோம் என்றார்கள். சென்னிமலைக்காரரிடம் கேட்டால் "உங்க இஷ்டமுங்க, நான் இதுல எதுவும் சொல்லமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். எங்கள் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கிற அக்காவிடம் சம்பள அட்வான்ஸ் பற்றிப் பேசும்போது விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒரே கேள்வி கேட்டார்: "கேர் விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜா? என்ற தங்கச்சி நர்ஸாப் போனப்ப அது கட்டவே இல்லையே அம்மிணி?"

மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு பிரிட்டன் அரசின் தளத்தில் உட்கார்ந்தேன். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் தளம். நான்கு மாதம் முன்னால் அரை மணி நேரம் படித்திருந்தால் போதும்.

ஹெல்த் அண்டு கேர் விசாவில் வருகிறவர்களுக்கு அந்த சர்சார்ஜ் விலக்கு. நான் கட்டிய 1,40,000 என்கிற கட்டணமே கிடையாது. மற்ற விசாக்காரர்களுக்கும் விசாக் கட்டணமும் சர்சார்ஜும் விண்ணப்பிக்கும்போது அரசின் தளத்தில் நேரடியாகக் கட்டுவதுதான், தனிநபர் கணக்கில் போடுவதல்ல. அடுத்தது ஸ்பான்சர் சர்டிபிகேட். தங்கநிறச் சீல், ஹாலோகிராம் எல்லாம் போட்டு ஒரு கெட்டித் தாளை எனக்குக் கொடுத்திருந்தார்கள், லேமினேட் செய்து! அது தாளே இல்லையாம். அரசின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. நமக்கு வருவது அதன் எண் மட்டும். ஸ்பான்சர் உரிமத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும் ஆகும் கட்டணத்தை வேலை தருபவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் (கேர் விசாவும் அதில் ஒரு வகைதான்) வருகிறவர் தலையில் கட்டக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதியே வந்துவிட்டது.

உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலை அந்தத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கிப் பார்த்தேன். என் கடிதத்தில் இருந்த நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தது! ஒரு நிமிஷம் உயிர் வந்தது. பலர் ஏமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பட்டியலில் பெயர் இருந்தால் ஆயிற்றா? நிஜமாக இருக்கிற ஒரு நிறுவனத்தின் பெயரைத்தான் திருடியிருந்தார்கள். கடிதத்தில் இருந்த முகவரிக்கு எழுதாமல், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்த முகவரியைத் தேடி எடுத்து மெயில் போட்டேன். மறுநாள் இரண்டு வரி வந்தது. இந்தக் கடிதம் எங்களுடையது அல்ல, உங்கள் பெயரில் எந்த வேலையும் இல்லை.

அன்றிரவு அவருடைய பழைய மெசேஜ்களை முதலிலிருந்து படித்தேன். ஏப்ரல் 2ஆம் தேதி, நம் நேரம் இரவு ஒன்பது. "இங்க இப்ப மூணரை மணி, வெயில் நல்லா அடிக்குது, டீ குடிச்சிட்டிருக்கேன் அம்மிணி." நான் அதற்கு ஒரு இதயத்தை அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அதற்குப் பிறகு நாலரை. எங்களிடம் துணி வாங்குகிற பிரிட்டன் பையர் ஆபீஸ் திறக்கிற நேரம் மதியம் இரண்டரையிலிருந்து ஒன்றரைக்கு வந்துவிடும். வருடா வருடம் அதற்கு ஏற்ற மாதிரி சாப்பாட்டு நேரத்தையே மாற்றிக்கொள்கிறவள் நான். 2025இல் அந்த ஞாயிறு மார்ச் 30. ஏப்ரல் 2இல் நமக்கு ஒன்பது மணி என்றால் லீட்ஸில் நாலரை. அவர் எந்த லீட்ஸில் டீ குடித்தார்? அன்று மதியம்தான் ஒன்றரை மணிக்குப் பையரிடமிருந்து மெயில் வந்து பதில் போட்டிருக்கிறேன். அதே நாள், அதே கை.

நான் பணம் கட்ட மறுத்ததும் குரல் மாறியது. என் போட்டோக்களையும் மெசேஜ்களையும் அப்பாவுக்கும் கம்பெனி எம்.டி.க்கும் அனுப்பிவிடுவேன் என்றார். ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் தொண்டுபட்டியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். கடைசி வரைக்கும் அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டை உதறிக்கொண்டே இருந்தார். "போச்சாது உடு கண்ணு. ஒரு வெள்ளாமை பொய்ச்சுப்போச்சுன்னு நெனச்சுக்கறேன். பாஸ்போட்டு எங்க?" என்றார். பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கேட்டபோது, நகல்தான் தருவோம் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். அது பீரோவில் பத்திரமாக இருந்தது. வீட்டில் தெரிந்துவிட்டது என்று அந்த ஆளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அத்தோடு மிரட்டல் நின்றது.

1930க்குக் கூப்பிட்டேன், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்தேன். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். நான் சொன்னது வாரக்கணக்கில் கழித்து. கடைசியாகப் போட்ட 38,000 மட்டும் ஒரு கணக்கில் அகப்பட்டது. அதுவும் கோர்ட் உத்தரவு வந்தால்தான் கைக்கு வரும் என்று அப்போது சொன்னார்கள். மாடி அலுவலகம் மே முதல் வாரத்தில் காலி. கண்ணாடிக் கதவில் "வாடகைக்கு" என்று ஒட்டியிருந்தது.

இன்னொன்று, இது ஏஜென்ட் மூலம் போகிற எல்லோருக்கும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அவர்கள் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். என்னிடம் முதல் நாளே சரியாக 30,000 கேட்டதால் விவரம் தெரிந்தவர்கள் என்று நம்பினேன். பட்டியலில் அந்தப் பெயர் இல்லவே இல்லை. இப்போது யாராவது புதிதாகக் கேர் வொர்க்கர் வேலை என்று உங்களிடம் பேசினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்: வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கராகப் புதிதாக விண்ணப்பிப்பதையே பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது.

மெசேஜ்களையும் ஆடியோக்களையும் அழித்துவிடாதீர்கள். பார்க்கச் சகிக்காமல் நான் அழிக்கப் போனேன். சைபர் பிரிவில் இருந்த மேடம் தடுத்தார். ஜூனில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அதே அலுவலகத்தில் கட்டிய இன்னும் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள், ஒருவருக்கு என்னைவிட இரண்டு மடங்கு போயிருந்தது. அவர்களிடம் பேசிய மாப்பிள்ளைகள் யாரும் சென்னிமலை இல்லை. ஒருவருக்குப் பொள்ளாச்சி, தென்னந்தோப்பு, ஒருவருக்குத் தாராபுரம், ஒருவருக்குக் கோபி. அந்த மேடம் நாலு போனிலும் ஆளுக்கொரு ஆடியோவைப் போடச் சொன்னார். இரண்டாவது போனில் "ஏனுங்க அம்மிணி" என்று ஆரம்பித்ததுமே நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.