பழைய கார்களுக்கான ஒரு கராஜும் அதன் பேரேடும்

திருகோணமலைக் கண்டி வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்கு வீதியில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் இயங்கும் ஒரு கராஜைப் பற்றியது இம்மதிப்புரை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களுக்கு டிங்கர் வேலையும் எஞ்சின் வேலையும் அங்கே செய்து தருகிறார்கள். அவ்வேலைகளைச் செய்யும் கராஜுகள் மாவட்டத்தில் வேறும் உள்ளன. அவற்றில் சில இதைவிட விரைவாகவே முடித்துக் கொடுக்கின்றன. ஆனால், பழைய கார் வாங்கப் போகிறவருக்காக அதைப் பரிசோதித்துச் சொல்வதில் இவர்களுக்கு நிகரான இடத்தை நான் இதுவரை காணவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு தடித்த பேரேடுதான் அதற்குக் காரணம்.

உரிமையாளர் தம்மிடம் வந்த ஒவ்வொரு பழைய காரையும் அதில் எழுதி வைத்திருக்கிறார். பதிவு இலக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் அறைந்திருக்கும் சிறு தகட்டிலிருந்து செசி இலக்கத்தையும், எஞ்சினிலிருந்து அதன் இலக்கத்தையும் தாமே பார்த்து எழுதுகிறார். தகட்டின் மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி பக்கத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைசி நிரலில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்: ‘ஓடுது’, ‘நிக்குது’, ‘உடைச்சாச்சு’. கார் மீண்டும் வந்தாலோ, அதைப் பற்றி நம்பத்தகுந்த செய்தி கிடைத்தாலோ, பழைய சொல் வெட்டப்பட்டுத் திகதியுடன் புதிய சொல் எழுதப்படுகிறது.

நிலாவெளியில் விற்பனைக்கு வந்த ஒரு மைனரைப் பார்த்துச் சொல்லும்படி நான் கேட்டிருந்தேன். பூச்சு பளபளவென்று இருந்தது. எஞ்சினும் முதல் திருகலிலேயே இயங்கியது. உரிமையாளர் அவற்றில் அதிக நேரம் செலவிடவில்லை. காரின் கீழே படுத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் பின்வில்லுகள் பூட்டப்படும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கறள் தின்ற ஓட்டைகளை மறைக்க அப்பும் கட்டலோய்ப் பசை மந்தமான ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகுதான் தகட்டின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கராஜுக்குத் திரும்பினார். அந்தச் செசி இலக்கம் பேரேட்டில் ஏற்கெனவே இருந்தது: கிண்ணியாவில் பாகம் பாகமாக விற்கப்பட்ட ஒரு காருக்கு உரியது அது, கடைசி நிரலில் ‘உடைச்சாச்சு’. ஆகவே நிலாவெளியில் நின்றது ஒரு காரின் உடலும் இன்னொரு காரின் தகடும் பதிவுப் புத்தகமும். “ரெண்டு கார் செத்து ஒரு கார் பிழைச்சிருக்கு, ஐயா. நீங்க எத எண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நம்மூர்க் கார்களுக்கு மட்டும் உரியதன்று. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பெரிய வி8 (எட்டுச் சிலிண்டர்) எஞ்சின்களைப் பொருத்தி விற்கப்பட்ட ‘மசில் கார்’களில் இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்று அங்குள்ள ஆர்வலர்கள் கணக்கிடும்போதும் இதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எத்தனை விற்பனையாகின என்பது பெரும்பாலும் தெரிந்ததே: 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜி.டி.ஓ. 32,450. எஞ்சியவற்றை எண்ணுவதுதான் கடினம். ஏனெனில் 1964இலும் 1965இலும் ஜி.டி.ஓ. தனி மாடலாக இருக்கவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு மேலதிகப் பணம் கொடுத்துப் பெறும் ஒரு தொகுதியாகவே அது விற்கப்பட்டது. எனவே காரின் அடையாள இலக்கத்தைப் பார்த்து அது அசல் ஜி.டி.ஓ.வா என்று சொல்ல முடியாது. தொழிற்சாலைப் பதிவேட்டைத்தான் தேடிப் போக வேண்டும். 1966இல் தனி மாடலான பின்னரே இலக்கம் அதைக் காட்டத் தொடங்கியது. விலை ஏற ஏற, சாதாரண லெமான்ஸ் கார்கள் ஜி.டி.ஓ.வாக வேடமிட்டன. இப்படிப்பட்ட வகைகளில் எஞ்சியவற்றின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடுவதுபோலத் தோன்றுவதும் உண்டு.

குறைவாகச் செய்யப்பட்ட கார்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1969இன் கமரோ இசட்.எல்.1 மொத்தம் 69தான். அதே ஆண்டின் டொட்ஜ் சார்ஜர் டேடோனா 503. இத்தகையவற்றை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாகவே பின்தொடர முடிகிறது. மைனரிலும் அப்படி ஒரு சிறு கூட்டம் உண்டு. பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டது மைனர்தான். அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 கார்களை விட்டார்கள். அவற்றைத் தேடிப் பட்டியலிடுவது எளிது. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் வெளிவந்த மற்ற மைனர்களை யார் பட்டியலிடுவது?

இலங்கையில் இந்தக் கணக்குக்கு அரச ஆவணங்கள் பாதி வழிதான் துணை வருகின்றன. இலக்கத் தகட்டிலிருந்து பதிவான காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்: சீ.ஈ., சீ.என்., ஈ.எல். போன்ற ஆங்கில எழுத்துகள் முந்தியவை. தமிழ்ப் பகுதிகளில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிய சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து 1958இன் தொடக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அக்கார் இன்றும் இருக்கிறதா என்பதை அந்த இலக்கம் சொல்லாது. காரை உடைத்தபின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதிப் பதிவை நீக்கிக்கொள்பவர்கள் அரிது என்பதால், பதிவுகளைக் கூட்டினால் செத்த கார்களும் சேர்ந்துவிடும். பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரங்களை எண்ணினாலோ, முற்றத்து மாமரத்தடியில் தூங்கும் கார்கள் விடுபட்டுப்போகும். உண்மையான தொகை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ உள்ளது.

பேரேடு அந்த இடைவெளியைச் சுருக்குகிறது. மீன் வளத்தை மதிப்பிடுவோர் கையாளும் ஒரு முறை இதற்குப் பொருந்தும். பேச்சுக்கு, ஓர் ஆண்டில் 40 மைனர்கள் கராஜுக்கு வந்தன என்றும், மறு ஆண்டில் 30 வந்தன என்றும், அந்த 30இல் 20 முன்னரே வந்தவை என்றும் வைத்துக்கொள்வோம். மறு ஆண்டில் வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு முன்னரே வந்தவை என்றால், முதல் ஆண்டில் வந்த 40உம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். 40ஐ 30ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 60 வரும். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ அத்தனை மைனர்கள் உள்ளன என்பது பொருள். ஆனால் எல்லாக் கார்களும் கராஜுக்கு வரும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரியாகும். நோயுள்ள கார் அடிக்கடி வரும். நிற்கும் கார் வரவே வராது. ஆகையால் இப்படிப் பெறும் தொகையைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்ளலாமே தவிர, அதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்கக் கூடாது. உரிமையாளர் இந்தச் சூத்திரத்தை அறியார். ஆனால் அதன் குறையைத் தாமாகவே உணர்ந்திருக்கிறார். 2022இல் எரிபொருள் பங்கீட்டு அட்டைக்குச் செசி இலக்கம் கேட்கப்பட்டபோது, பல ஆண்டுகளாக அசையாத கார்களின் சொந்தக்காரர்களும் அந்த இலக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அவரிடம் வந்தார்கள். ‘நிக்குது’ என்ற சொல் பக்கங்களில் பெருகியது அப்போதுதான் என்றார்.

எத்தனை எஞ்சின என்பதைவிட எங்கே எஞ்சின என்பதைப் பேரேடு தெளிவாகக் காட்டுகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர வீடுகளின் கார்களில் தரைத்தகரம் உக்கிப் போனதாகக் குறிப்புகள் மலிந்துள்ளன; கந்தளாய்ப் பக்கத்துக் கார்களுக்கு அப்படிப்பட்ட குறிப்புகள் குறைவு. உப்புக்காற்று தவிர, போர்க்காலத்தில் கைவிடப்பட்டவையும் 2004 ஆழிப்பேரலையில் போனவையும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை ஏறி, பாகங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த சிலவற்றுக்கு உயிர் வந்தது.

இனிக் கராஜின் வேலையைப் பற்றி. என்னிடம் ஏற்கெனவே உள்ள மைனருக்குத் தரைத்தகரமும் முன்சக்கரத் தாங்கிகளும் இங்கேதான் மாற்றப்பட்டன. பற்றவைப்பு சுத்தமானது, கட்டலோய் போட்டு மறைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. தாங்கிகளுக்கு எப்போது கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் சிறு அட்டையில் எழுதி ஒட்டினார்கள். அவை தேய்ந்து கழன்றால் சக்கரமே மடிந்துவிடும் என்பதால் இது சிறு காரியமன்று. குறைகளும் உள. செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டால் முகம் கோணுகிறார்கள். பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, சொன்ன நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கார் திறந்த வெளியில்தான் நிற்கும். வாடைக்கால மழையில் பாதி வேலை முடிந்த காரை அங்கே விடுவது நல்லதல்ல. பெயின்ட் வேலையை வேறிடத்தில் செய்விக்கவே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அப்படிக் கொடுப்பவர்கள் தகட்டைக் கழற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்பு நான் வேலை கொடுத்த வேறொரு கராஜில் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை புத்தகத்துக்கும் காருக்கும் தொடர்பில்லாத நிலையில் என்னை வைத்திருந்தார்கள்.

பரிசோதனைக் கட்டணம் ஒரு நாள் டிங்கர் கூலியை விடக் குறைவு. மூதூர், கந்தளாய் வரையும் உரிமையாளரே நேரில் வருகிறார். பேரேட்டைப் படமெடுக்கவோ பிரதி எடுக்கவோ அனுமதிப்பதில்லை. வாங்க நினைக்கும் காரின் செசி இலக்கத்தைச் சொன்னால், அந்தப் பக்கத்தைத் திறந்து எதிரே வைத்து வாசிக்க விடுவார். அதற்குப் பணம் வாங்குவதில்லை. முற்பணம் கொடுப்பதற்கு முன் அங்கே போய்வருவது நல்லது, அதுவும் காலையில், வெல்டிங் வேலை தொடங்கும் முன்.