அப்பாருவின் 405 வின்செஸ்டர்: குண்டு தேடிய பன்னிரண்டு வருடம்

ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோப்பு. வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மூட்டை கட்டியபோது அப்பாரு, அதாவது என் தாத்தா, அவரிடம் வாங்கிய ரைஃபிள் இது. வின்செஸ்டர் 1895 மாடல், 405 போர் (போர் என்றால் குழல் துளையின் அளவு). அப்பா காலமான பிறகு 2013ல் என் லைசென்ஸில் ஏறியது. அன்றிலிருந்து இன்றுவரை நான் சுட்டது 38 தோட்டா. ஒவ்வொன்றும் தேதியோடு நோட்டில் இருக்கிறது. 38 சுட்டவனுக்கு என்ன அனுபவம் என்று கேட்கலாம். சுட்டதைவிடத் தேடியதுதான் அதிகம், அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. மற்ற பெரும்பாலான வின்செஸ்டர் லீவர் துப்பாக்கிகளில் (விசைக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுபவை) குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும், தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் அது முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில், அதாவது அடியில் இருக்கும் வெடிமருந்து மூடியில், குத்திக்கொண்டு நிற்கும், அதிர்வில் வெடித்துவிடலாம். அதனால் அவற்றுக்குத் தட்டை முனைதான். 1895க்கு அந்தக் கவலை இல்லை. லீவருக்கு முன்னால் வயிறு மாதிரித் துருத்திய பெட்டியில் நான்கு தோட்டா அடுக்கலாம். ஆனால் 405 அடியில் வெளியே நீண்ட விளிம்பு வைத்த தோட்டா. மேலே வைப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி வைத்தால் லீவரை இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும். முதல் நாளே எனக்குச் சிக்கியது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவேன்.

405 தோட்டா 1904ல் வந்தது. 300 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 2,200 அடி வேகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல் ஆப்பிரிக்கா போனபோது கொண்டுபோனது இதே போர்தான். அப்புறம் துப்பாக்கியும் நின்றது, தோட்டாவும் நின்றது. நம் ஊர்க் கடையில் 12 போர் கிடைக்கும், 315 கிடைக்கும். 405 என்று சொன்னால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

எனக்குக் கிடைத்த முதல் யோசனையே ஆபத்தானது. ஒரு கடையில், "404 பழைய பெட்டி ஒன்னு இருக்குதுங்க, ஒரு நம்பர்தானுங்களே வித்தியாசம்" என்றார்கள். இன்னொருவர் பழைய போலீஸ் மஸ்கட்டின் 410 தோட்டாவைக் காட்டினார். இரண்டையும் வாங்காமல் வந்தது அப்பாரு செய்த புண்ணியம். 404 ஜெஃப்ரியின் குண்டு 0.423 அங்குலம். 405 வின்செஸ்டரின் குண்டு 0.411. பெயரில் சின்ன நம்பர் உள்ளதற்குத்தான் பெரிய குண்டு! தோட்டாவின் உருவமும் வேறு, 404க்கு அந்த வெளி விளிம்பே கிடையாது. 410 என்பது ரவையும் உருண்டையும் போடும் மஸ்கட் போர். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் துப்பாக்கிக்காரரே இல்லை, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். பம்பு ஷாஃப்ட் கடைந்து கடைந்து கை பழகியவர். "தம்பி, பேருல இருக்கற நம்பர விடுங்க. உங்க பேரல் என்ன அளவுன்னு அது சொல்லுமுங்க" என்றார். அவர் சொன்னபடி, துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, லீவரைத் திறந்து வைத்து, குழலில் எண்ணெய் விட்டேன். சுத்தமான மெது ஈயத்தில் போரைவிடத் துளி பெரிதாக ஒரு கட்டை வார்த்து, வாய்ப்பக்கம் வைத்துப் பித்தளைக் கம்பியால் சீராகத் தட்டித் தள்ளினேன். பின்பக்கம் வந்து விழுந்த ஈயத்தில் உள்வரிகள் அப்படியே பதிந்திருந்தன, மோதிர விரலால் தடவினால் தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மைக்ரோமீட்டரில் மேட்டுக்கு மேடு மூன்று இடத்தில் பிடித்தார். 411 தவ், 411, 411 அரை (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "தேயவே இல்லீங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு அப்பாருவே முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. 404 குண்டு இதைவிட 12 தவ் பெரிது. பட்டறையில் 12 தவ் என்றால் ஷாஃப்ட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, அளவு தெரிந்தது. குண்டு?

அப்பாரு வைத்துவிட்டுப் போன பெட்டியில் 17 தோட்டா இருந்தன. உரிய அனுமதியோடு கிளப் ரேஞ்சில் 12 போட்டுப் பார்த்தேன். மூன்று வெடிக்கவில்லை. ஒன்று துப்பாக்கிக் குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) விழுந்து, நான் "போச்சு" என்று நினைத்த பிறகு வெடித்தது. அன்றைக்கு மட்டும் குழலை இலக்கை விட்டு இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வெடிக்காத தோட்டாவுக்கு ஒரு முழு நிமிடம் இலக்கைப் பார்த்தே பிடித்திருங்கள். அவசரப்பட்டு லீவரைத் திறக்காதீர்கள்.

அந்தப் பழைய தோட்டா இன்னொரு வேலையும் செய்தது. அந்தக் காலத்துக் கேப் மருந்து எரிந்தால் குழலில் உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். நான் வழக்கம்போல எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். ஆடிக்காற்றும் சாரலும் சேர்ந்த சமயம். பத்தாம் நாள் பார்த்தால் உள்ளே செம்மண் நிறத்தில் துரு. எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும் என்பது அதன் பிறகுதான் மண்டையில் ஏறியது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய். நல்லவேளை, மேலோட்டமான துரு. மீதி ஐந்து தோட்டாவை இனிச் சுடுவதில்லை.

பிற்பாடு வின்செஸ்டர் பெயரிலேயே 1895 மறுபடி 405 போரில் வந்ததால் தோட்டாவுக்கும் உயிர் வந்தது. ஹார்னடி 300 கிரெய்ன் மென்முனைத் தோட்டா போடுகிறார்கள், 0.411 குண்டு, அதே பழைய வேகம். நூறு வயது இரும்புக்கு நான் பார்ப்பது இதைத்தான்: புதுத் தோட்டா என்று அழுத்தத்தைக் கூட்டிவிடக் கூடாது. லைசென்ஸ் பெற்ற வியாபாரி மூலம் 14 மாதம் காத்திருந்து இரண்டு பெட்டி, 40 தோட்டா வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றும் பேச்சு வரும். 29 சுட்டாயிற்று, ஒன்றுகூட ஏமாற்றவில்லை. 50 மீட்டரில் மூன்று குண்டும் உள்ளங்கைக்குள் விழுகின்றன, அதுவும் தொலைநோக்கி இல்லாத திறந்த சைட்டில். தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் பின்புறம் இரும்புத் தகடு, தோளில் உதைப்பது உதைப்பதுதான். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் நான் சுடுவதில்லை. காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பேச்சே கிடையாது, தோப்பில் பன்றி புகுந்தாலும் வனத்துறைக்குத்தான் போன்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இரண்டு மாதம்கூட அங்கே இருக்கும். அதற்கு முன் குழலுக்குள் கிரீஸ் பூசிவிடுவேன், திரும்பி வந்ததும் முதலில் அந்தக் கிரீஸை முழுக்கத் துடைத்தெடுப்பேன்.

இப்போது கையில் புதுத் தோட்டா 11 இருக்கின்றன. அந்த ஈயக்கட்டையைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, தோட்டாப் பெட்டியோடு வைத்திருக்கிறேன். போன வாரம் வியாபாரி ஒருவர், "405 ஒரு பெட்டி வந்திருக்குதுங்க" என்று போன் செய்தார். தோட்டாவின் அடியில் பதித்திருக்கும் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை. புதன்கிழமை தீப்பெட்டியும் மைக்ரோமீட்டருமாக நேரிலேயே போகிறேன். அண்ணனும் கூட வருகிறார்.