ஜெர்மன் பிளேயர், ஜப்பான் திருப்புளி, நாசிக் ஸ்பேனர்: எதற்கு எந்த நாட்டுக் கருவி?

கட்டிங் பிளேயருக்கு ஜெர்மனி, ஸ்டார் திருப்புளிக்கு ஜப்பான், ராட்செட்டுக்குத் தைவான், ரிங் ஸ்பேனருக்கும் அரத்துக்கும் நம் நாடே போதும். மோட்டார் ரிப்பேர், வயரிங், பைக் வேலை, கொஞ்சம் தச்சு என்று பல வருடமாகப் புழங்கிய கருவிகளையும், அண்மையில் வாங்கியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்த முடிவு இது. "ஃபாரின் சாமான்" என்ற ஒரே காரணத்துக்காக முழு செட்டையும் மாற்றுவது வீண் செலவு. எந்தக் கருவியில் முனையும் விளிம்பும் வேலை செய்கிறதோ அங்கே காசு போடலாம். வெறும் இரும்புப் பலம் மட்டும் வேலை செய்யும் இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் நாட்டுப் பெயர் விவகாரம். பிராண்ட் பிறந்த நாடு வேறு, கருவி செய்த நாடு வேறு. வேரா ஜெர்மனியின் வுப்பர்ட்டால் நகரத்து நிறுவனம்; அதன் திருப்புளிகளில் பெரும்பாலானவை செக் நாட்டில் தயாராகின்றன. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாகோ சுவீடன் பெயர்; அதன் அரங்கள் போர்ச்சுகலில் இருந்து வருகின்றன. ஸ்டான்லி அமெரிக்கப் பெயர்; கடையில் கிடைப்பது எந்த நாட்டிலும் செய்ததாக இருக்கலாம். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் தயாரித்த நாடு, இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த ஸ்டிக்கரைத்தான் படிக்க வேண்டும். "ஜெர்மன் டெக்னாலஜி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது ஜெர்மனியில் செய்ததில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அதேபோல "குரோம் வனேடியம்" என்ற பொறிப்பும் பாதிக் கதைதான். இரும்பின் சேர்மானத்தை அது சொல்கிறது; துவைச்சல் (காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்குவது) சரியாக ஏறியிருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. ஒரே சேர்மான இரும்பில் ஒன்று வளையும், இன்னொன்று உடையும், மூன்றாவது பத்து வருடம் உழைக்கும். வித்தியாசம் சூளையில்தான்.

கட்டிங் பிளேயரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டப்பாரியாவின் 8 அங்குல 1621 வரிசை தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்களில் பாதிப் பேர் இடுப்பில் தொங்கும். 1969-இல் சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கிய நாசிக் கம்பெனி அது. 1.5, 2.5, 4 சதுர மி.மீ. செம்பு வயர் வெட்ட, முறுக்க, பிடிக்க அதைவிட வேறு தேவையில்லை. பிரச்சினை ஆணி, சைக்கிள் ஸ்போக், ஸ்பிரிங் கம்பி என்று கை நீளும்போது வருகிறது. விளிம்பில் அரிசி மணி அளவுக்குப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடத்தில் பிறகு மெல்லிய பல்லிழை வயர் வெட்டாமல் நசுங்கி நிற்கும். ஜெர்மனியின் நிபெக்ஸ் நிறுவனத்து 03 வரிசை 180 மி.மீ. பிளேயரில் வெட்டும் விளிம்பு தனியாக இண்டக்‌ஷன் முறையில் கடினமாக்கப்படுகிறது. இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் சுமார் 60. வருடக்கணக்கில் கம்பி வெட்டியும், மூடிய விளிம்புகளுக்கு நடுவே ஒளி புகாது. விலைதான் நம் ஊர் பிளேயரைப் போல ஆறேழு மடங்குக்கு மேல் போகும். தினமும் கம்பி வெட்டுகிறவருக்கு அது செலவாகாது. வீட்டில் எப்போதாவது எடுப்பவருக்கு அவசியமே இல்லை.

எந்த நாட்டு பிளேயரானாலும் கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நுனி முதலில் தொட வேண்டும். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே கீற்று ஒளிகூடத் தெரியக்கூடாது. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டினால் ரிவெட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஒரு வயர்த் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து விளிம்பின் இரு கோடியிலும் வெட்டிப் பார்க்க வேண்டும். இழை மடங்கினால் அந்தப் பிளேயரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே பெட்டியில் இருக்கும் பத்துப் பிளேயரில் நல்லதும் சுமாரும் கலந்திருப்பது நம் ஊர்த் தயாரிப்பின் குணம். பொறுக்கி எடுத்தால் நல்லது கிடைக்கும். ஜெர்மன், ஜப்பான் கருவிகளுக்குக் கொடுக்கும் அதிக விலையில் பாதி, இந்தப் பொறுக்கும் வேலை இல்லாமல் இருப்பதற்குத்தான்.

கைப்பிடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவை மின் காப்பு என்று நம்பி லைனில் கை வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற பொறிப்பும், ஐஇசி 60900 என்ற எண்ணும் இருந்தால்தான் அது காப்புக் கருவி. அவை ஒவ்வொன்றாக 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டு வருபவை. சாதாரண ஸ்லீவ் வெயிலில் இளகி நழுவும், கிரீஸ் பட்டால் ஊறிப் பருக்கும். நிபெக்ஸிலேயே 03 02 என்பது காப்பில்லாதது, 03 06 என்பது காப்புள்ளது. உருவத்தில் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து ஸ்டார் திருப்புளி. ஜப்பான் வழி பைக்குகளில் கார்புரேட்டர் கிண்ணம், பிரேக் ஆயில் டப்பா மூடி இந்த இரண்டு இடத்திலும் திருகுத் தலை சிதையாத வண்டியைப் பார்ப்பது அரிது. மெக்கானிக்கின் கைப்பலத்தைக் குறை சொல்வார்கள். உண்மையில் திருப்புளி பொருந்தவில்லை. ஜப்பானின் ஜேஐஎஸ் (அந்நாட்டுத் தொழில் தரம்) குறுக்குப் பள்ளமும் வழக்கமான பிலிப்ஸ் பள்ளமும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் அடியில் வடிவம் வேறு. பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் திருகில் அடிவரை உட்காராமல் மேலேயே தங்கும். சுற்றினால் எகிறும், எகிறும்போது பள்ளத்தின் மூலையைச் சீவிக்கொண்டு வரும். ஜேஐஎஸ் திருகுகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஒசாகாவின் வெசல் திருப்புளி இந்தத் திருகில் உட்காரும்போது கையை விட்டாலும் நேராக நிற்கும். ஜப்பான் முனை பிலிப்ஸ் திருகிலும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் 1, 2, 3 என மூன்று அளவு ஜப்பான் திருப்புளி வாங்கிவிட்டால் இரண்டு வகைக்கும் போதும்.

வெசலின் மெகாடோரா இம்பாக்டா வகை தனியாகச் சொல்ல வேண்டியது. பின்புறம் சுத்தியலால் அடித்தால் முனை சிறிது திரும்பும், கழற்றும் பக்கம் மட்டும். இறுகிய பிரேக் மூடித் திருகுக்கு முறை இது. பள்ளத்தில் இருக்கும் மண்ணை ஊசியால் கிளறி எடுத்து, துரு நீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் விட வேண்டும். 2-ஆம் எண் முனையை நேராக வைத்து, கைப்பிடியைக் கழற்றும் திசையில் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, 300 கிராம் சுத்தியலால் இரண்டு மூன்று சுருக்கமான அடி. பிளாஸ்டிக் பாகத்தில் உள்ள திருகிலும் மெல்லிய அலுமினிய மூடியிலும் பலமாக அடிக்கக்கூடாது. திருகு வருவதற்கு முன் பாகம் விரிசல் விடும்.

தட்டை முனைத் திருப்புளிக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். டப்பாரியாவே தாராளம். ஒளி ஊடுருவும் பச்சைக் கைப்பிடிகள் அசிடேட் வகை. தின்னர், நெயில் பாலிஷ் நீக்கி பட்டால் பிசுபிசுத்துப் போகும், அவ்வளவுதான்.

ஆலன் கீ (அறுகோணக் குழி போல்ட்டுக்கான எல் வடிவக் கீ) விஷயத்தில் கஞ்சத்தனம் செய்தால் கீயோடு சேர்த்து போல்ட்டையும் இழப்போம். மெஷின் வேலைக்காரர்கள் கவனிப்பது ஒரே ஒரு அளவு. 5 மி.மீ. கீயை வெர்னியரில் பிடித்தால் 4.95-க்குக் குறையக்கூடாது. நடைபாதைக் கடை செட்டில் 4.88 வரை பார்க்கலாம். அது போல்ட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் போண்டஸ், ஜெர்மனியின் விகா, சுவிட்சர்லாந்தின் பிபி மூன்றுமே அளவில் கறார். நம் நாட்டில் நியாய விலையில் நிற்பது அன்பிராகோ. அமெரிக்காவில் பிறந்த அந்தப் பெயர் இன்று லூதியானா நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிறது. இன்னொன்று, அங்குல செட்டும் மி.மீ. செட்டும் ஒரே டப்பாவில் கிடந்தால் தகராறு நிச்சயம். 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ.; 4-க்குப் பொருந்தும். 3/16 என்பது 4.76, அதை 5 மி.மீ. போல்ட்டில் போட்டால் முதல் இழுப்பிலேயே மூலை போய்விடும்.

தேய்ந்த ஆலன் கீயைத் தூக்கிப் போட வேண்டாம். நுனியில் 3, 4 மி.மீ. அளவை சாணைக்கல்லில் நேராகச் சீவினால் புது மூலை கிடைக்கும். இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். இரும்பில் நீல நிறம் ஏறினால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. உருண்டை முனையுள்ள கீயைச் சாய்த்துச் சுற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். கடைசி இறுக்கத்துக்கும் முதல் தளர்த்தலுக்கும் மறுமுனைதான். கழுத்தில் ஒடிந்த உருண்டையைப் போல்ட்டுக்குள் இருந்து எடுப்பது அரை நாள் வேலை.

ஸ்பேனரில் நாசிக், ஜலந்தர், லூதியானா தயாரிப்புகளை விட்டு வெளியே போக எனக்குக் காரணம் தெரியவில்லை. தலை கொஞ்சம் தடிமன், மெருகு கொஞ்சம் மட்டம். ஆனால் பைப் மாட்டி நெம்பினாலும் தாங்கும். (மாட்டக்கூடாது; எல்லோரும் மாட்டுகிறோம்.) கவனிக்க வேண்டியது குரோம் பூச்சு. உரிந்த பூச்சின் விளிம்பு பிளேடு போல விரலைக் கிழிக்கும். பொரிந்து நிற்கும் ஸ்பேனரை வாங்காதீர்கள். இடுக்கான இடத்தில் மெல்லிய தலை வேண்டுமென்றால் மட்டும் ஜப்பானின் கேடிசி அல்லது கோகென் சாக்கெட்டைத் தேடலாம்.

எந்த நம்பர் செட் வாங்குவது என்பதிலும் நாடு வந்து நிற்கிறது. ஒரே எம்10 போல்ட்டுக்கு (மரை விட்டம் 10 மி.மீ.) டின் என்ற பழைய ஜெர்மன் தர அளவில் 17 ஸ்பேனர், ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அளவில் 16, ஜப்பான் வண்டியில் 14. எம்8-க்கு டின், ஐஎஸ்ஓ இரண்டிலும் 13, ஜப்பானில் 12. எம்12-க்கு முறையே 19, 18, 17. ஆகவே ஜப்பான் வழி பைக் மட்டும் பார்ப்பவருக்கு 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்தே பெரும்பாலும் போதும். பம்பு, மோட்டார், மில் இயந்திரம் என்று போகிறவருக்கு 13, 16, 18, 19 இல்லாமல் முடியாது. கடையில் கிடைக்கும் 6x7 முதல் 20x22 வரையிலான எட்டு உருப்படி டபுள் எண்ட் செட்டில் 9, 11, 15 பக்கங்கள் புதுக் கருக்கு அழியாமலே கிடக்கும்.

ராட்செட்டில் (நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டிச் சுற்றும் கைப்பிடி) தைவானுக்குத்தான் என் ஓட்டு. உலகத்தின் பெரிய பெயர்கள் பலவும் தைச்சுங் பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான் ராட்செட் செய்து வாங்குகின்றன. கிங் டோனி, டாப்டுல் போன்ற தைவான் பெயர்களிலேயே வாங்கினால் அதே தரம் குறைந்த விலைக்கு வரும். 24 பல் ராட்செட்டுக்கு ஒரு சொடுக்குக்கு 15 டிகிரி கை வீச வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இன்ஜின் பக்கவாட்டில் கை நுழையாத இடத்தில் அந்தப் பத்து டிகிரிதான் நட்டைக் கழற்றும். ஆனால் நுண்பல் ராட்செட்டால் துருப்பிடித்த போல்ட்டை முதலில் தளர்த்தக்கூடாது, பல் நழுவும். அதற்கு நீளக் கம்பியும் ஆறுமுனை சாக்கெட்டும் வேண்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையைத் தின்றுவிடும். ராட்செட்டின் உள்ளே கெட்டி கிரீஸ் அடைத்தால், பல்லைப் பிடிக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டு சுற்றும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும்.

ஹேக்ஸா பிளேடில் நாட்டைவிடப் பல் எண்ணிக்கைதான் பெரிது. அரை அங்குல ஜிஐ பைப்பின் சுவர் சுமார் 2.6 மி.மீ. அங்குலத்துக்கு 18 பல் பிளேடில் பல் இடைவெளி 1.41 மி.மீ.; சுவரில் இரண்டு பல்கூட ஒரே நேரத்தில் நிற்காது, மாட்டிக்கொண்டு ஒடியும். 24 பல்லில் இரண்டரை, 32 பல்லில் மூன்றுக்கு மேல். பைப்புக்கு 32, தடித்த இரும்புக்கு 18 அல்லது 24. பாகோ சாண்ட்ஃபிளெக்ஸ் போன்ற பைமெட்டல் பிளேடில் பல் வரிசை ஹைஸ்பீட் ஸ்டீல், முதுகு வளையும் இரும்பு. இரண்டு மடங்குக்கு மேல் விலை, ஆனால் பட்டென்று முறிவதில்லை.

அரத்துக்கு வெளிநாடு தேடவே வேண்டாம். ஜேகே அரங்கள் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. புது அரத்தை முதலில் பித்தளையில் ஓட்டிப் பிறகு இரும்புக்கு இறக்கினால் கூர் நீடிக்கும். வார்ப்பிரும்பின் கரடான மேல்தோலில் புது அரத்தை வைத்தால் அன்றே மழுங்கும். அதற்குப் பழைய அரம். அலுமினியம் தேய்க்கும் முன் சாக்பீஸ் பூசிக்கொள்ளுங்கள், பல்லில் அப்பாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. ஜெர்மன் பிளேயர்களில் கறுப்புத் தலை வருவது பூச்சு குறைந்த வகை. சென்னை, தூத்துக்குடி உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே பொட்டுப் பொட்டாகத் துருப்பிடிக்கும். அங்கே குரோம் தலை வகையை வாங்குவது நல்லது. கறுப்பே வாங்கியிருந்தால், வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாக இறுகி மூட்டு திறக்க மறுக்கும். இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டுத் திறந்து மூடிப் பாருங்கள், வந்துவிடும்.