ஒரு பேஜ் யாருக்குச் சொந்தம்: குறிப்பெண்ணிக்கையா, ரஸ்டின் ஒற்றை உரிமையா?

ஹட்டனிலோ பதுளையிலோ 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் டிரைவர் எழுதிப் பழகும் பிள்ளைகளை முதலில் தடுமாற வைப்பது இதுதான்: எடுத்த மெமரி பேஜை, அதாவது ரேமின் ஒரு சிறு துண்டை, யார், எப்போது விடுவிப்பது? 4096 பைட் வீதம் அந்த ரேமில் 1,048,576 பேஜ்கள். 64 பிட் இயந்திரத்தில் பேஜ் ஒன்றுக்குக் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பெரும்பாலும் 64 பைட் விவரம் வைக்கிறது.

சி மொழியின் வழி குறிப்பெண்ணிக்கை: பேஜை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு. கெட்_பேஜ் ஒன்று கூட்டும், புட்_பேஜ் ஒன்று குறைக்கும், பூச்சியமானதும் பேஜ் விடுபடும். கோப்பு கேஷ் (படித்த கோப்புகளை ரேமில் வைத்திருக்கும் இடம்) போலப் பலர் பகிரும் பேஜ்களுக்கு இதுவே பொருத்தம். கோளாறு பெரும்பாலும் பிழை வந்து பாதியில் வெளியேறும் வழிகளில்தான் நுழைகிறது. அங்கே ஒரு புட்_பேஜ் விட்டுப்போனால் பேஜ் கசியும். கூடுதலாக ஒன்று போட்டால் நிலைமை மோசம்: ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் பேஜ் வேறொருவருக்கும் போய்ச்சேரும். கம்பைலர் வாயே திறக்காது. எண்ணியும் 32 பிட்தான். சுமார் 140 ஜிபி ரேம் இருந்தால் அதை நிரம்பி வழியச் செய்யலாம் என்று தெரியவந்து, 2019இல் 5.1 பதிப்பில் அதற்குத் தடுப்பு வைத்தார்கள்.

ரஸ்ட் மொழி, 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு கர்னலுக்குள் வந்தது. அதன் பேஜ் டைப்பில் உரிமை ஒரே மாறிக்கு. அந்த மாறியின் ஸ்கோப் (அது உயிரோடிருக்கும் கோட் பகுதி) முடிந்தாலும், பிழையோடு நடுவில் திரும்பினாலும் டிராப் என்ற விடுவிப்புச் செயல் தானாக ஓடி விடுவிக்கும். கைமாறிய பேஜைப் பழைய மாறி வழியாகத் தொட்டால் கோட் கம்பைலே ஆகாது. புதிய டிரைவர், தனக்கே தனக்கான பஃபர் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள். ஆனால் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியூவின் கை படாமல் நேரே, சாதனம் அந்தப் பேஜில் எழுதிக்கொண்டிருப்பது, நீங்கள் டைப்பில் சொல்லிவைக்காதவரை, ரஸ்டுக்குத் தெரியாது. முதலில் சாதனத்தை நிறுத்தி, அன்மேப் செய்து (பேஜுக்குச் சாதனம் வரும் வழியை மூடி), அதன் பிறகே டிராப். வேறு பகுதி இரவல் தந்த பேஜ் சுட்டியையும் உரிமை டைப்புக்குள் போர்த்தாதீர்கள். நீங்கள் கூட்டாத எண்ணிக்கையை டிராப் குறைத்துவிடும்.

எந்த வழியானாலும் சோதிக்கும்போது கர்னலின் பேஜ்_ஓனர் வசதியைப் போட்டுவையுங்கள். தோட்டத்துச் செக்ரோல் (வேலையாள் பதிவேடு) மாதிரி, எந்த பேஜை எந்த அழைப்புவழி எடுத்தது என்று பதியும், தப்பைத் தடுக்காது. கர்னலைக் கட்டும்போதே அதைச் சேர்த்து, பூட் வரியில் 'பேஜ்_ஓனர்=ஆன்' கொடுக்க வேண்டும். விடுவித்த பேஜை யாராவது தொடுகிறார்களா என்று பிடிக்க காசான் என்ற மெமரிப்பிழை கண்டறியும் கருவி வேண்டும். பொதுவகை காசான் ரேமில் எட்டில் ஒன்றை நிழலாக (தன் குறிப்புகளுக்கு) எடுத்துக்கொள்ளும்: 4 ஜிபியில் 512 எம்பி. ஆகவே 1 ஜிபி கொடுத்த கியூஎமு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டுங்கள். 128 எம்பியோடு போகும், லேப்டாப்பும் உறையாது.